சட்டை போட்ட அரளி

துர்காதேவி கதவைத் திறந்தபோது அரளிச்செடி சட்டை போட்டுக்கொண்டு வெயிலில் நின்றது.

நீலக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை. அவள் கணவன் குணாளனுடையது. கடற்காற்று உப்பை வாரிக்கொண்டு வரும் இந்த வைகாசி மாதத்தில் தளிர் கருகிவிடும் என்று மாமியார் கனகாம்பாள் அதை மாட்டிவிடுவாள். பொத்தான்கூடப் போட்டுவிடுவாள். முதல் வருஷம் செடி முழங்கால் உயரம்தான். சட்டை மணலில் புரண்டது. இப்போது தோள் சரியாக உட்காருகிறது. அதற்கு மேல் எழும் கொப்புகளைக் கனகாம்பாள் மீன் அரியும் கத்தியால் நறுக்கிவிடுவாள். குணாளன் உயரத்தைச் செடி தாண்டியதில்லை.

போன வாரம் அவள் கொழுந்தனுக்குக் கொரியர் கொண்டுவந்தவர் வேலியோரம் பைக்கை நிறுத்தி, “அண்ணே, பூவராகவன் ஊடு எதுண்ணே?” என்று அதனிடம் கேட்டார். பதில் வராததால் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டார். அன்றைக்குத் துர்காதேவி சிரித்தாள். அதற்குப் பிறகு கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி மணலில் நடந்து வரும்போதெல்லாம், தூரத்தில் அது நிற்பதைப் பார்த்ததும் கால் தானாக ஒரு நொடி நின்றுவிடுகிறது.

கல்யாணம் ஆன வருஷமே அது நடந்தது. முகத்துவாரத்துக்குப் போன படகு மட்டும் மிதந்து திரும்பியது. வலை இருந்தது, சோற்றுத் தூக்கு இருந்தது, குணாளன் இல்லை. உடம்பும் கரை ஒதுங்கவில்லை. அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் இரண்டு பேரும் திருவாலங்காடு கோயிலுக்குப் போய்விட்டு வந்தார்கள். ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு தோட்டத்தில் செவ்வரளிக் கிளை ஒன்றைக் கேட்டு வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தான் குணாளன். மணலைத் தோண்டி ஏரி வண்டலை நிரப்பி, மீன் குடலை அடியில் புதைத்து, நட்டு வைத்தான். “இந்த மணல்ல இன்னாத்த வரப்போவுது” என்று புன்னைக்குப்பமே சொன்னது.

வந்தது. குப்பத்து ஆடுகள் வேலியையே தின்றுவிடும். அரளியில் மட்டும் வாய் வைக்காது. நாள் முழுக்க வெயில். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி. மற்ற வீடுகளில் முருங்கைகூட நிற்காத மண்ணில் இது ஒருநாளும் இலை உதிர்த்து மொட்டையாக நின்றதில்லை.

உடம்பு கிடைக்காதவனுக்காக மூன்று வைகாசி காத்திருப்பது இந்தக் குப்பத்து வழக்கம். மூன்றாவது வைகாசியில் குப்பத்துத் தலைவரான நாட்டார் வீட்டுக்கு வந்து, தாயையும் பெண்சாதியையும் ஒருசேர நிற்கவைத்துக் கேட்பார். இரண்டு பேரும் ‘போய்ட்டான்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் சடங்கு நடக்கும். ஒருத்தி சொல்லாவிட்டாலும் இன்னொரு வைகாசி வரை காத்திருப்பு. அதுவரை பெண்சாதி அந்த வீட்டு விளக்கை விட்டு வேறு ஊரில் தங்கக் கூடாது.

இன்று மாலை நாட்டார் வருகிறார்.

துர்காதேவிக்கு வேண்டியது இந்த வீட்டிலிருந்து விடுதலை. கும்மிடிப்பூண்டியில் அவளோடு கார் ஒயர் பின்னும் கம்பெனியில் வேலை செய்யும் விக்டோரியா, தன் அறையில் ஓர் ஆள் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறாள். “வா, ஒரு ஜன்னலும் ஒரு ஃபேனும் கீது, போதாது?” என்று சிரிப்பாள். அந்த ஜன்னலைத் துர்காதேவி பார்த்ததே இல்லை. ஆனால் அதன் வழியே எந்தச் செடியும் தெரியாது என்று அவளே முடிவு செய்து வைத்திருந்தாள்.

அவள் சொல்லிவிடுவாள். பஸ்ஸில் உதடு அசையாமல் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டாள். கனகாம்பாள் சொல்வாளா? தினமும் பகலில் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து, சட்டையைக் கழற்றி, இலை இலையாக உப்பைத் துடைத்து அந்தச் செடியைக் குளிப்பாட்டுகிறவள் சொல்வாளா?

மாமியார் சொல்ல வேண்டுமானால் செடி சாக வேண்டும்.

தை மாதம் முதல் துர்காதேவி செய்துவரும் காரியத்துக்கு அவள் மனசுக்குள் வைத்திருந்த நியாயம் இதுதான். கருவாட்டுத் தொட்டியில் மீன் ஊறிய உப்புத் தண்ணீரை ஒரு வாளியில் மொண்டு, கம்பெனிக்குக் கிளம்பும் முன் அரளியின் வேரில் ஊற்றிவிட்டுப் போவாள். நாக்கில் பட்டால் புண்ணாகும் அளவுக்கு உப்பு. எந்தச் செடியானாலும் பட்டுப்போகும்.

இது பட்டுப்போகவில்லை. மாசியில் புதுத் தளிர் விட்டது. பங்குனியில் ஒவ்வொரு நுனியிலும் கொத்துக் கொத்தாக மொட்டு. சித்திரையில் இலை தெரியாமல் பூ.

இன்றைக்கு லீவு. இருந்தாலும் கை பழக்கத்தில் வாளியைத் தூக்கியது. செடியின் அருகே போய்க் குனிந்தாள்.

மண் ஏற்கெனவே ஈரமாக இருந்தது.

பனி இல்லை, மழை இல்லை. வேரைச் சுற்றி மட்டும் வட்டமாக நனைந்திருந்தது. விரலால் தொட்டாள். யோசிக்காமல் நாக்கில் வைத்தாள்.

உப்பு.

அவள் வாளி இன்னும் நிரம்பியே இருந்தது.

காற்று ஒருமுறை சட்டைக்குள் புகுந்தது. மார்புப் பக்கம் உப்பி, மெல்ல அடங்கியது. யாரோ மூச்சு விட்டது போல. துர்காதேவி வாளியை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போனாள்.

*

வெயில் ஏறுவதற்கு முன் பூவராகவன் வந்தான். குணாளனின் தம்பி. அண்ணன் போனபின் படகு அவனுடையதாயிற்று. ஏரிக்கரைப் பக்கம் சின்ன ஆஸ்பெஸ்டாஸ் வீடு ஒன்றில் தனியாக இருக்கிறான். கையில் நாலைந்து மடவை மீன். இடுப்பில் புதிதாகச் சாணை பிடித்த கத்தி.

“நாஷ்டா துன்னியா?” என்றாள் கனகாம்பாள்.

“பசிக்கல.”

“பசிக்கலியா. பத்து இட்லி துன்னுட்டு பதினொண்ணாவது எங்கன்னு கேக்கற ஆளாச்சே நீ. இன்னா, இன்னிக்கு வேற எங்கனா விருந்தா?”

அவன் சிரிக்கவில்லை. வாசலில் செடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

“நாட்டார் வெயில் தாழ வராராம். ஏரித் தண்ணி கடலுக்கு இழுக்குற நேரம் பாத்து முடிச்சிடணும்னாரு.” மீனைப் பார்த்துக்கொண்டே பேசினான். “நீங்க ரெண்டு பேரும் சொன்ன அப்பால, ஒடம்புக்குப் பதிலா அண்ணன் நட்ட செடியில கிளைய நான் வெட்டணும். தம்பிதான் வெட்டணுமாம். அத்த எடுத்துனு போயி முகத்துவாரத்துல வுட்டா ஆச்சு.”

“நாங்க சொன்னாத்தானே.”

“சொல்லும்மா. இந்த வருஷத்தோட முடிச்சிடலாம். அண்ணியப் பாரு, எத்தினி நாளைக்கு இப்பிடியே.”

“அண்ணி மேல ரொம்ப அக்கறை. பெரியவனுக்கு முடிஞ்சாத்தான் உனக்குப் பொண்ணு குடுப்பேன்னு எவனாவது சொன்னானா?”

“ஆமா, பொண்ணுங்க லைன்ல நிக்கிதுங்க. போம்மா.”

துர்காதேவி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் எப்போது கடைசியாகத் தன் முகத்தைப் பார்த்தான் என்று அவள் நினைத்துப் பார்த்தாள். போன வருஷம் ஆந்திரப் பக்கத்துத் துறைமுகம் ஒன்றுக்கு ஐஸ் ஏற்றும் வேலைக்குப் போய்வந்தான். அதற்கு முன்பெல்லாம் ‘அண்ணி’ என்று வாய் நிறையக் கூப்பிட்டுக் கேலி செய்வான். வந்தபின் ஏதோ சுருங்கிவிட்டது. வளர்ந்துவிட்டான் என்று நினைத்திருந்தாள்.

“தம்பி,” என்றாள் அவள் தாழ்ந்த குரலில். “காலையில இந்தப் பக்கம் வந்தியா? செடிக்கு எதுனா ஊத்துனியா?”

“நானா? அது கிட்டயே நான் போறதில்ல அண்ணி.” மோரை ஒரே மடக்கில் குடித்தான். எழுந்து, தாயைப் பார்த்து, “யம்மா, அந்தச் சட்டையக் கழட்டேன். பாக்கப் பேஜாரா கீது” என்றான்.

“காத்து அடிக்குது. தளிர் வெந்துடும்.”

“சாயங்காலம் வெட்டப் போற செடிக்கு இன்னாம்மா தளிரு?”

கனகாம்பாள் மீனைக் கழுவ உட்கார்ந்தாள். அவன் போகும்போது வேலியைச் சுற்றிக்கொண்டு போனான். நேர்வழி செடியை ஒட்டிப் போகிறது.

ஊற்றியது நிச்சயம் அவன் இல்லை. அப்படியானால் யார்?

அடுப்படியில் நின்றபடி துர்காதேவி குணாளனின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். இன்றைக்காவது நினைக்க வேண்டும் என்று தோன்றியது. நெற்றி வந்தது. அதன் கீழே மூக்கு வர வேண்டிய இடத்தில் நீண்ட, தடித்த, நரம்போடிய இலைகள் வந்தன. இது முதல்முறை இல்லை. எட்டு மாதம் ஒருவனோடு இருந்தது எவ்வளவு கொஞ்சம் என்று இப்போது தெரிகிறது. அவன் குரல் போயிற்று, பிறகு சிரிப்பு, பிறகு முகம். காலியான இடத்தில் செடி வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் காத்திருந்தது யாருக்காக என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. சட்டையின் அளவு மட்டும் தெரியும்.

கம்பெனி பஸ் நெடுஞ்சாலையில் திரும்பியதும், சாலை நடுவே கும்மிடிப்பூண்டி வரை அரளி வரிசையாக நிற்கும். லாரிப் புகையிலும் தூசியிலும் சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். முன்பெல்லாம் கவனித்ததில்லை. இப்போது ஒவ்வொரு செடிக்கும் ஒரு சட்டையை மனம் மாட்டிவிடுகிறது. மைல் கணக்கில், கை இல்லாத ஆண்கள் வெயிலில் நிற்கிறார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டுதான் அந்தத் தூரத்தைக் கடக்கிறாள்.

*

உச்சி வெயிலில் கனகாம்பாள் குடத்தோடு செடிக்குப் போனாள். சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கழற்றினாள். உள்ளே கையை விட்டு, கொப்புகளை ஒவ்வொன்றாகக் கைத்துளையிலிருந்து விடுவித்தாள். சட்டை கழன்றதும் துர்காதேவி ஓர் அடி பின்வாங்கினாள்.

வெளியே தெரிந்த பூக்கள் எல்லாம் ரத்தச் சிவப்பு. சட்டைக்குள் பூத்திருந்தவை வெளிறிக் கிடந்தன. வெயில் படாமல் நிறம் ஏறவில்லை. தண்ணீரில் ஊறிய விரல்களின் நிறம்.

கனகாம்பாள் ஈரத்துணியால் இலைகளைத் துடைக்கத் தொடங்கினாள். மேல்பக்கம், அடிப்பக்கம். துணியைப் பிழிந்தால் பழுப்பாக உப்பு இறங்கியது. இவ்வளவு நாளில் மாமியார் இந்தச் செடியோடு ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் துர்காதேவிக்கு உறைத்தது. குழந்தையைக் குளிப்பாட்டுகிறவள் ஏதாவது பேசுவாள். கனகாம்பாள் உதட்டை இறுக்கிக்கொண்டு, வேலையை முடித்தால் போதும் என்பது போலத் துடைத்தாள்.

“அத்தை,” என்றாள். “காலையில வேர்ல மண்ணு ஈரமா இருந்துச்சு.”

“இருக்கட்டும். செடிதானே.”

“நாக்குல வெச்சுப் பாத்தேன். உப்பு கரிக்குது.”

துணி நின்றது.

“நீ இன்னாத்துக்கு அந்த மண்ண நக்குற?”

கனகாம்பாளின் கண்கள் செடியைத் தாண்டிப் போயின. செடிக்கு அந்தப் பக்கம் காலையில் வைத்த வாளி அப்படியே இருந்தது. ஓரத்தில் மீன் செதில் ஒட்டி, வெயிலில் மின்னியது. கனகாம்பாள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

“எப்பத்திலேர்ந்து?” என்றாள்.

“தை மாசம்.”

“நான் மாசியிலேர்ந்து.”

புரிய ஒரு கணம் ஆயிற்று. பிறகு துர்காதேவி மாமியாரின் கைகளைப் பார்த்தாள்.

“தெனம் நீ பஸ் ஏறப் போன அப்பால ஊத்துவேன்,” என்றாள் கனகாம்பாள். “இன்னிக்கு நீ லீவாச்சே, கண்ணுல படுவேன்னு இருட்டோட எழுந்து ஊத்திட்டேன்.” சிரித்தாள். சத்தம் இல்லாத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது. “ரெண்டு பேரும் போட்டி போட்டுக்கினு ஊத்திக்கீறோம். பாரு, இந்த மாதிரி இது எப்பயாவது பூத்துச்சா?”

“அப்ப இந்தக் குளிப்பாட்டறது?”

“குப்பம் பாக்குதே. நிறுத்துனா இன்னா சொல்லும்? பெத்தவளே தலை முழுவிட்டான்னு சொல்லாது?” துணியைப் பிழிந்தாள். “என் வாயால சொல்ல முடியாது துர்கா. பெத்த வாயி. அது பட்டுப்போச்சுன்னா, அதுவே சொல்லிட்டதா ஆவும். நான் சும்மா தலைய ஆட்டுனா போதும். அதான் ஊத்துனேன். உப்பு, அப்பால கருவாட்டுக் கழிவு, ஒருநாள் சுடுதண்ணிகூட.”

“நானும் அதுக்குத்தான் அத்தை.”

“தெரியுது.”

இரண்டு பெண்களும் செடியைப் பார்த்தார்கள். காற்று நின்றிருந்தது. ஓர் இலை அசையவில்லை. ஆனால் பூக்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. ஒன்று, சற்று விட்டு இன்னொன்று, ஓசையில்லாமல் மணலில்.

“இத்தன உப்பயும் குடிச்சிட்டு நிக்குதே,” என்று துர்காதேவி முணுமுணுத்தாள். “இன்னா வேணுமாம் இதுக்கு?”

“கேக்காத. பதில் சொல்லிடப் போவுது.”

தன் பயத்தை இன்னொருத்தி வாயால் கேட்டதும் துர்காதேவிக்கு மாமியாரை முதல்முறையாகப் பார்ப்பது போலிருந்தது. இவ்வளவு நாளும் தன்னை இந்த வீட்டில் கட்டிப்போட்டிருப்பவள் இவள் என்று நினைத்திருந்தாள். இவளும் அதே கயிற்றில்தான் இருந்திருக்கிறாள்.

“சாயங்காலம் சொல்லுவீங்களா?”

“நீ?”

“சொல்லுவேன்.”

கனகாம்பாள் சட்டையை உதறி, மறுபடி செடிக்கு மாட்டத் தொடங்கினாள். வெளிறிய பூக்கள் உள்ளே மறைந்தன. கடைசிப் பொத்தானைப் போட்டபின் சொன்னாள்: “அப்ப நானும் சொல்றேன். என் கைய மட்டும் புடிச்சிக்க.”

*

வெயில் தாழ்ந்தபோது நாட்டார் சுப்பிரமணி வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. பின்னால் குப்பத்து ஆண்கள் கூட்டமாக வந்தார்கள். செருப்பை எல்லாரும் வேலிக்கு வெளியே விட்டார்கள். செடியின் பக்கம் ஒருவரும் பார்க்கவில்லை.

“கனகு,” என்றார் நாட்டார். “மூணாவது வைகாசி. கேக்கறது என் கடமை. உம் புள்ள எங்க?”

துர்காதேவி மாமியாரின் கையைப் பிடித்தாள். ஜில்லென்று இருந்தது. கனகாம்பாள் அந்தப் பிடியை இறுக்கினாள்.

“போய்ட்டான்.”

கூட்டத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். இவள் சொல்ல மாட்டாள் என்றுதான் எல்லாரும் வந்திருப்பார்கள்.

“உம் புருஷன் எங்கம்மா?”

பஸ்ஸில் சொல்லிப் பார்த்த சொல். இப்போது அது வேறு யாருடைய வாயிலிருந்தோ வருவது போல வந்தது. “போய்ட்டாரு.”

அவ்வளவுதானா என்று இருந்தது. மூன்று வருஷத்தைத் திறக்க ஒரு சொல் போதுமாக இருந்திருக்கிறது. ஜன்னலும் ஃபேனும் உள்ள அறை ஒரு நொடி கண்முன்னே வந்து போயிற்று.

“சரி,” என்றார் நாட்டார். “நாங்க ஏரிக்கரையில நிக்கிறோம். வெட்டும்போது அந்நியர் கண்ணு படக் கூடாது. பூவராகவா, சீக்கிரம் வெட்டி எடுத்துனு வாங்க. தண்ணி இழுக்க ஆரம்பிச்சாச்சு.”

அவர்கள் மேற்கே ஏரியைப் பார்த்து நடந்தார்கள். வாசலில் மூன்று பேர் மட்டும் மிஞ்சினார்கள். செடியும்.

கனகாம்பாள் சட்டையைக் கழற்றினாள். மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். “வெட்டுடா.”

பூவராகவன் கத்தியை எடுத்தான். நடுக்கிளையை இடக்கையால் பிடித்தான். அது அவன் மணிக்கட்டுக் கனம் இருந்தது. கத்தியை வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான்.

“தம்பி?” என்றாள் துர்காதேவி.

அவன் முகம் வியர்த்து வழிந்தது. கத்தியைத் தாழ்த்தினான். “முடியாது அண்ணி.”

“இன்னாடா முடியாது? நீதானே காலையிலேர்ந்து அவசரப்படுத்துன?”

“வெட்டிட்டா அண்ணன நான் வெட்டுன மாதிரிம்மா.”

“போனவன இன்னாடா வெட்டறது?”

“போகல.” மணலைப் பார்த்துச் சொன்னான். அவ்வளவு மெதுவாகச் சொன்னதால் இரண்டு பெண்களும் குனிய வேண்டியிருந்தது. “உசுரோட கீறான். போன வருஷம் ஐஸ் ஏத்தப் போன எடத்துல பாத்தேன். அங்க அவனுக்கு ஒரு ஊடு கீது. பொம்பள கீது. ‘நான் செத்தவன், செத்தவனாவே வுட்டுடு’ன்னு என் கால்ல வுழுந்தான்.”

கனகாம்பாளின் கக்கத்திலிருந்து சட்டை நழுவி விழுந்தது. அவள் எடுக்கவில்லை.

“உங்க கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல. சடங்கு முடிஞ்சிட்டா அண்ணிக்கு வுடுதலை ஆவும், நீயும் காத்துக்கினு இருக்க மாட்டேன்னு நெனச்சேன். ஆனா உசுரோட கீறவனுக்கு நான் எப்பிடிக் கத்திய வெக்கறது?”

துர்காதேவிக்குக் கோபம் வர வேண்டும் என்று தோன்றியது. வரவில்லை. மாறாக, விசித்திரமாக, காதுக்குள் ஓர் அமைதி. இத்தனை உப்பை ஊற்றியும் இது ஏன் சாகவில்லை என்ற கேள்விக்கு யாரோ நிதானமாகப் பதில் சொல்லிவிட்டது போல. உடனே அந்த எண்ணமே அவளைக் கிலி கொள்ளச் செய்தது. செடிக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஏரிப் பக்கமிருந்து நாட்டாரின் குரல் வந்தது. “ஆச்சா? தண்ணி நிக்காதுப்பா.”

இப்போது சத்தமாகச் சொல்லிவிடலாம். சொன்னால் அவள் விதவை இல்லை. ஓடிப்போனவனின் பெண்சாதி. அவன் வர வேண்டும், பஞ்சாயத்து நடக்க வேண்டும், அவன் திரும்பி ஏற்றுக்கொண்டால் இந்த வீடு, ஏற்றுக்கொள்ளாவிட்டாலும் அதுவரை இந்த வீடு. அந்த விளக்கு. அந்த ஜன்னல் இன்னொரு வைகாசிக்கு, அதற்கும் அடுத்த வைகாசிக்குத் தள்ளிப்போகும்.

அவள் மாமியாரைப் பார்த்தாள். பெற்ற மகன் உயிரோடு இருக்கிறான் என்று கேட்ட ஒரு தாயின் முகத்தை அவள் எதிர்பார்த்தாள். கனகாம்பாளின் முகத்தில் ஒன்றுமில்லை. அலை வந்து துடைத்துவிட்டுப் போன மணல் மாதிரி இருந்தது.

“எம் புருஷன் செத்தப்பகூட இவ்ளோ அழல,” என்றாள் கனகாம்பாள், யாருக்கோ சொல்வது போல. “மூணு வருஷம்.”

சின்ன மகனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கத்தியை எடுத்தாள். துர்காதேவியின் கையில் வைத்து, மேலே தன் கையையும் வைத்து அழுத்தினாள்.

“நீ வெட்டு.”

“அத்தை, அவரு உசுரோட…”

“அவனே செத்தவன்னு சொல்லிக்கினானே. நாம இன்னாத்துக்கு மறுத்துப் பேசணும்? வெட்டு.”

துர்காதேவி கிளையைப் பிடித்தாள். பட்டை வெயிலில் சூடேறி, ஓர் ஆளின் முன்கை போல வெதுவெதுப்பாக இருந்தது. எட்டு மாதத்தில் அவன் கையை எத்தனை முறை பிடித்திருப்பாள் என்று நினைவில்லை. கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். மூடினால் இலைகள் வரும்.

கத்தியை இழுத்தாள்.

கடினமாக இருக்கும் என்று நினைத்தாள். இல்லை. புதுச் சாணை; கிளை ஏறக்குறைய தானாக விலகிக்கொண்டது. வெட்டுவாயில் பால் கசிந்து, மணிக்கட்டு வழியாக வழிந்து எரிந்தது. பூக்கள் அத்தனையும் அவள் தோள்மேல் சாய்ந்தன. கனகாம்பாள் நுனியைத் தாங்கிக்கொண்டாள். இருவருமாகத் தூக்கினார்கள். எதிர்பார்த்ததைவிடக் கனம்.

“ஆச்சு,” என்று ஏரியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள் கனகாம்பாள்.

கிளையைத் தோளில் தாங்கி இருவரும் மணலில் நடந்தார்கள். பூவராகவன் பின்னால் வந்தான். பாதி வழியில் அவன் கிட்டே வந்து, குரல் உடைந்து, “அண்ணி” என்றான்.

“இன்னும் இன்னா தம்பி?”

“நான் அவனுக்குச் சொல்லியிருந்தேன். இன்னிக்குத்தான் உனக்குச் சடங்குன்னு.” ஏரிக்கரையைப் பார்த்தான். “வந்து பாக்கறேன்னான்.”

துர்காதேவியின் கால் நிற்கவில்லை. நின்றால் கிளை சரிந்துவிடும்.

எதிரே ஏரிக்கரையில் ஆண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஏரி முழுவதும் சூரியன் உருகிக் கிடந்தது. ஒருவர் முகமும் தெரியவில்லை. எல்லாரும் கறுப்பாக, ஒரே உயரமாக, அசையாமல் இருந்தார்கள். துண்டு போட்டவர் நாட்டார். அதற்கு அப்பால் யார் யார் என்று சொல்ல முடியவில்லை.

“யாரையும் பாக்காத,” என்றாள் கனகாம்பாள், உதடு அசையாமல். “தண்ணியப் பாத்து நட.”

துர்காதேவி தண்ணீரைப் பார்த்து நடந்தாள். வரிசையின் கோடியில் நின்ற ஓர் உருவம் மட்டும், அவர்கள் நெருங்க நெருங்க, வழி விடுவதற்காகவோ என்னவோ, மெல்ல ஓரடி பின்னால் போயிற்று.